சபலச் செலவை நிறுத்த எந்த வழி? இரவு பதினொரு மணிச் சோதனை

வரவு செலவு எழுதுவதற்கென்றே இதுவரை மூன்று நோட்டுகள் வாங்கியிருக்கிறேன். முதல் நோட்டில் பதினோரு நாள் கணக்கு இருக்கிறது. இரண்டாவதில் நான்கு நாள். மூன்றாவது, சில மாதங்களுக்கு முன்புவரை உறைகூடப் பிரிக்காமல் கிடந்தது. மூன்றையுமே பார்த்த மாத்திரத்தில் எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தேன். செலவைக் கட்டுப்படுத்த வாங்கிய பொருளே சபலத்தில் வாங்கியது என்றால் என் நிலைமை உங்களுக்குப் புரிந்திருக்கும்.

இந்த நோய்க்கு மருந்து சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. ஒரு நாள் பொறுத்து வாங்கு என்பார்கள். கார்டை வீட்டில் வைத்துவிட்டு ரொக்கத்தோடு போ என்பார்கள். ஒவ்வொரு செலவையும் எழுது, ஆப்பை அழி, ஒரு மாதம் எதையுமே வாங்காதே, கைச்செலவுக்கு இவ்வளவு என்று ஒதுக்கு, வீட்டில் ஒருவரைக் கேட்டுவிட்டு வாங்கு. எதையும் தப்பு என்று சொல்லிவிட முடியாது. ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்குகிறவர் இரண்டு வாரத்தில் எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டுவிடுவார். அதற்கு நானே சாட்சி. ஒன்றையோ இரண்டையோதான் பிடித்துக்கொள்ள முடியும். எதைப் பிடிப்பது?

அதற்கு முன் ஒரு சிறு கழித்தல். திட்டமிடாமல் வாங்குவதெல்லாம் சபலம் ஆகிவிடாது. ஹாக்கின்ஸ் ஸ்டெர்ன் என்பவர் 1962இல் எழுதிய ஒரு கட்டுரையில் இவ்வகை வாங்குதலை நான்காகப் பிரித்தார். கடையில் ஒரு பொருளைப் பார்த்ததும் வீட்டில் அது தீர்ந்துபோனது நினைவுக்கு வருவது ஒரு வகை. விலை இறங்கியிருந்தால் எடுக்கலாம் என்று மனதில் வைத்துக்கொண்டே போவது இன்னொரு வகை. இவை இரண்டையும் விட்டுவிடலாம், இவற்றால் யாரும் கடனாளி ஆவதில்லை. முதன்முதலாகப் பார்க்கும் பொருளுக்கு அங்கேயே நின்று ஒரு தேவையைக் கற்பித்துக்கொள்வதும், தேவை என்ற பேச்சே இல்லாமல் கை தானாக நீள்வதும்தான் மீதி இரண்டு. நம் வழக்கு இவற்றோடுதான்.

அந்த நேரம்

முறைகளை ஒப்பிடும்போது பெரும்பாலும் ஒரு தவறு நடக்கிறது. காலையில், தெளிந்த மனதோடு உட்கார்ந்து, எது நல்ல முறை என்று பார்க்கிறோம். அந்த நேரத்தில் எல்லா முறையும் நல்ல முறைதான். வாங்குவது அந்த ஆள் இல்லையே.

வாங்கும் ஆள் இரவு பதினொரு மணிக்குப் படுக்கையில் கிடக்கிறார். பகல் முழுக்க வேலை. சாயங்காலம் யாரோ ஏதோ சொல்லிவிட்டார்கள், அது உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது. தூக்கம் வரவில்லை, கையில் போன். தள்ளுபடி முடிய இன்னும் ஒரு மணி நேரம் என்று திரையில் நொடி முள் ஓடுகிறது. கார்டு எண் ஏற்கெனவே பதிந்திருக்கிறது, விரலை வைத்தால் போதும். எந்த முறையையும் நான் இப்போது இவரிடம்தான் கொண்டுபோய் நிறுத்திப் பார்க்கிறேன். முதல் கேள்வி, இந்த நேரத்தில் அது நிற்குமா? இரண்டாவது, ஒருமுறை சறுக்கிவிட்டால் மறுநாள் காலை அந்த முறை உயிரோடு இருக்குமா?

வருத்தத்தை இதில் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. 2008இல் சிந்தியா கிரைடர், ஜெனிபர் லெர்னர் முதலானோர் வெளியிட்ட ஆய்வில், சோகமான காட்சியைப் பார்த்தவர்கள் ஒரு சாதாரணத் தண்ணீர் பாட்டிலுக்குத் தர முன்வந்த விலை, உணர்ச்சி தூண்டாத காட்சியைப் பார்த்தவர்கள் தர முன்வந்ததைவிடப் பல மடங்கு கூடுதலாக இருந்தது. பாட்டிலுக்கும் சோகத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஜார்ஜ் லோவன்ஸ்டைன் என்ற பொருளியலாளர் இதற்குப் பக்கத்திலேயே இன்னொன்றைச் சொல்கிறார்: மனம் குளிர்ந்திருக்கும்போது, சூடேறினால் நாம் என்ன செய்வோம் என்பதை நம்மால் சரியாகக் கணிக்க முடியாது. காலையில் சட்டம் போடுகிறவருக்கு இரவில் அதை மீறப்போகிறவரோடு அறிமுகமே இல்லை என்று இதை நான் புரிந்துகொள்கிறேன்.

(மன உறுதி பகல் முழுக்கச் செலவாகி இரவில் காலியாகிவிடும் என்று ஒரு விளக்கம் பிரபலம். 1998இல் ராய் பாமைஸ்டர் குழு செய்த சோதனைகளிலிருந்து பரவியது அது. 2016இல் 23 ஆய்வகங்கள் சேர்ந்து சோதித்தபோது அந்த விளைவு ஏறக்குறைய பூஜ்யமாகத்தான் தெரிந்தது. அதனால் அந்த விளக்கத்தை நான் நம்பி இறங்கவில்லை. இரவில் ஏன் தோற்கிறோம் என்பது எப்படியோ இருக்கட்டும், தோற்கிறோம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.)

கையில் காசு

ரொக்கத்தில் தொடங்கலாம், ஏனென்றால் இதற்குத்தான் கைமேல் ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிராசன் பிரெலெக், டங்கன் சிமெஸ்டர் இருவரும் பாஸ்டன் செல்டிக்ஸ் கூடைப்பந்து அணியின் ஆட்டத்துக்கான டிக்கெட்டுகளை மாணவர்களிடையே ஏலம் விட்டார்கள். ஒரு பாதியினரிடம் ரொக்கமாகத் தர வேண்டும் என்றார்கள், மறு பாதியினரிடம் கிரெடிட் கார்டில் கட்டலாம் என்றார்கள். கார்டுக்காரர்கள் கேட்ட விலை சராசரியாக மற்றவர்களைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. 2001இல் வெளியானது. அதே டிக்கெட், அதே மாதிரி மாணவர்கள், பணம் போகும் வழி மட்டும்தான் வேறு.

பணம் கையைவிட்டுப் போகும்போது ஒரு சுருக்கென்ற வலி இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டில் பிரையன் நட்சன் குழு 2007இல் ஆட்களை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்துப் பொருளையும் பிறகு விலையையும் காட்டியது. பிடித்த பொருளைக் கண்டதும் இன்பத்தை எதிர்பார்க்கும்போது இயங்கும் மூளைப்பகுதி சுறுசுறுப்பானது. விலை மிக அதிகம் என்று பட்டபோது, வலி போன்ற விரும்பத்தகாத உணர்வுகளோடு தொடர்புள்ள இன்சுலா என்ற மூளைப்பகுதி இயங்கியது. கார்டும் போனும் இந்தச் சுருக்கை மரத்துப்போகச் செய்கின்றன. ரொக்கம் அதைத் திருப்பிக் கொடுக்கிறது. பெரிய நோட்டாக இருந்தால் இன்னும் நல்லது. ஒரே தொகைதான் என்றாலும், சில்லறையாக வைத்திருப்பவரைவிட ஒற்றைப் பெரிய நோட்டாக வைத்திருப்பவர் அதை உடைக்கத் தயங்குகிறார் என்று 2009இல் பிரியா ரகுபீரும் ஜாய்தீப் ஸ்ரீவஸ்தவாவும் காட்டினார்கள். உடைத்துவிட்டால் போச்சு, அது நமக்கே தெரியும்.

சரி, பதினொரு மணிக்கு? சுத்தமாகத் தோல்வி. தலையணைக்கு அடியில் எவ்வளவு ரொக்கம் இருந்தால் என்ன, வாங்குவது போனில். கடைக்கு நேரில் போய்த்தான் கை நீள்கிறது என்றால் ரொக்கத்தைவிட எளிய மருந்து இல்லை. போனில்தான் என்றால் ரொக்கம் வெறும் அலங்காரம். இடைவழி ஒன்று உண்டு: தனியாக ஒரு சிறு கணக்கு, அதற்கு ஒரு டெபிட் கார்டு, வாரத்துக்கு ஒருமுறை மட்டும் அதில் பணம் போடுவது. வலி திரும்பி வராது, ஆனால் காலியாகும். பர்ஸ் காலியாவதைப் போல.

பொறுத்திருப்பது

எல்லோரும் முதலில் சொல்வது இதைத்தான். சின்னப் பொருள் என்றால் ஒரு நாள், பெரியது என்றால் ஒரு மாதம். சட்டங்களே இதை நம்புகின்றன. அமெரிக்காவில் வீட்டு வாசலுக்கு வந்து விற்கப்படும் பொருள்களில் பெரும்பாலானவற்றுக்கு மூன்று வேலை நாள்களுக்குள் ஒப்பந்தத்தை ரத்துசெய்யும் உரிமை உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் இணையத்தில் வாங்கிய பெரும்பாலான பொருள்களைப் பதினான்கு நாள்களுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பி அனுப்பலாம். மனிதர்கள் அவசரத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள் என்பது சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

ஆனால் சட்டம் தருவது வாங்கியபின் அவகாசம். நமக்கு வேண்டியது வாங்குமுன். ஒரு பொருள் வீட்டுக்குள் வந்துவிட்டால் அது நம்முடையது ஆகிவிடுகிறது. நம்முடையதாகிவிட்ட பொருளுக்கு நாம் கூடுதல் மதிப்புக் கொடுப்பதை ரிச்சர்ட் தேலர் 1980லேயே எழுதினார். திருப்பி அனுப்ப வேண்டும் என்று நான் ஓரமாக எடுத்துவைத்த பெட்டிகள் கெடு முடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்து, பிறகு மெல்ல அலமாரிக்குக் குடிபெயர்ந்திருக்கின்றன. 'பிடிக்கவில்லை என்றால் ரிட்டர்ன் பண்ணிக்கொள்ளலாம்' என்பது எனக்கு விரிக்கப்பட்ட வலைகளிலேயே மென்மையானது.

பொறுத்திருப்பதில் இன்னொரு ஓட்டை, எங்கே பொறுத்திருக்கிறோம் என்பது. பலர் பொருளைக் கடை ஆப்பின் கூடையில் போட்டுவைத்துவிட்டுக் காத்திருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். கூடை கடைக்காரருடையது. இரண்டு நாளில் 'ஒன்றை மறந்துவிட்டீர்களே' என்று நோட்டிபிகேஷன் வரும், மூன்றாம் நாள் கொஞ்சம் தள்ளுபடியோடு வரும். பூனையைக் காவல் வைத்துவிட்டுப் பாலைப் பற்றிக் கவலைப்பட்டு என்ன பயன்? என் மூன்றாவது நோட்டுக்கு இப்போது வேலை கிடைத்திருப்பது இதில்தான். தேதி, பொருள், எதற்கு என்று ஒரு வரி. ஒரு மாதம் கழித்துப் படித்தால் 'எதற்கு' என்ற இடத்தில் எழுதியிருப்பது சில சமயம் எனக்கே விளங்குவதில்லை. அந்தப் பொருளை அடித்துவிடுவதில் வாங்குவதில் பாதி சந்தோஷமாவது இருக்கிறது.

பதினொரு மணிச் சோதனையில் இதற்கு அரை மதிப்பெண். விதியை நினைவில் வைத்து அதற்குக் கட்டுப்பட வேண்டியவரும் அந்தப் படுக்கையில் கிடப்பவர்தான். 'இது ஒன்றுக்கு மட்டும் விதிவிலக்கு' என்று அவர் சொல்லுவார், அவர் சொல்லாத நாளே கிடையாது. பீட்டர் கோல்விட்சர் 1999இல் விளக்கிய ஒரு உத்தி இங்கே கொஞ்சம் கைகொடுக்கிறது: பொதுவாகத் தீர்மானிக்காமல், 'இன்னது நடந்தால் இன்னது செய்வேன்' என்று நேரத்தையும் செயலையும் முடிச்சுப் போட்டுவிடுவது. 'குறைவாக வாங்குவேன்' என்பது ஆசை. 'இரவு ஒன்பதுக்கு மேல் எதையாவது வாங்கத் தோன்றினால், எழுந்துபோய் நோட்டில் எழுதிவிட்டுப் போனை அடுத்த அறையில் வைப்பேன்' என்பது வேலை. பாதி நாள் நடக்கிறது. சறுக்கினாலும் மறுநாள் நோட்டு அங்கேயே இருக்கிறது, அதனால் இரண்டாம் கேள்வியில் இது தேறிவிடுகிறது.

வழியை நீளமாக்குவது

1999இல் அமேசான் ஒரே சொடுக்கில் வாங்கும் முறைக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றது. 2017இல் அது காலாவதியாகும்வரை அந்த ஒரு சொடுக்குக்காக வழக்குகள் நடந்தன, உரிமக் கட்டணங்கள் கைமாறின. முகவரி நிரப்பி, கார்டு எண் தட்டி, உறுதிசெய்து முடிப்பதற்குள் வாங்குபவருக்குப் புத்தி வந்துவிடக்கூடும் என்பது விற்பவர்களுக்குத் தெரியும். படிகளைக் குறைப்பதில் அவர்களுக்கு இவ்வளவு லாபம் இருக்கிறது என்றால், அந்தப் படிகளைத் திரும்பக் கட்டுவதில் நமக்கு ஏதாவது இருக்கத்தான் வேண்டும்.

செய்ய வேண்டியது ஒரு பிற்பகல் வேலை. பதிந்து வைத்த கார்டு எண்களை எல்லாக் கடைகளிலிருந்தும், பிரவுசரிலிருந்தும் அழிப்பது. கடை ஆப்களை அழித்துவிட்டு, வேண்டும்போது பிரவுசர் வழியாகப் போவது. ஒவ்வொரு முறையும் லாக்-அவுட் செய்வது. தள்ளுபடி மின்னஞ்சல்களிலிருந்து விலகுவது. அப்புறம், கார்டைப் படுக்கையறையில் வைக்காமல் இருப்பது. கடைசியில் சொன்னது சின்ன விஷயம்போலத் தெரியும். எனக்கு அதிகம் உதவியது அதுதான். கார்டு வாசலுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும் பையில் இருக்கிறது. போர்வையை விலக்கி, விளக்கைப் போட்டு, பையைத் துழாவி, பதினாறு எண்களைத் தட்ட வேண்டும் என்றால் பல ஆசைகள் போர்வைக்குள்ளேயே தூங்கிவிடுகின்றன.

சோதனையில் இது தெளிவாகத் தேறுகிறது, காரணம் எளிது. தீர்மானத்தைக் காலையில் இருந்த ஆளே எடுத்து முடித்துவிட்டார். இரவில் இருப்பவர் எதற்கும் கட்டுப்பட வேண்டியதில்லை, சோம்பேறியாக இருந்தால் போதும். மற்ற முறைகள் கேட்பது அவரிடம் இல்லாத ஒழுக்கம், இது கேட்பது அவரிடம் நிறையவே இருக்கும் சோம்பல்.

குறை இல்லாமல் இல்லை. ஒருமுறை வாங்கி முடித்ததும் 'இந்தக் கார்டைச் சேமிக்கவா?' என்று கேட்கும், அவசரத்தில் சரி என்று தட்டினால் கட்டிய சுவர் இடிந்தது. கார்டு எண் மனப்பாடமாகிவிட்டவர்களுக்கு இது பாதிதான் பலிக்கும். தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் சந்தாக்களை இது தொடுவதே இல்லை, அவற்றை ஒவ்வொன்றாகத் தேடித்தான் ரத்துசெய்ய வேண்டும். நேரில் கடைக்குப் போகிறவருக்கு இதனால் எந்தப் பயனும் கிடையாது.

மீதி

ஒரு மாதம் எதையுமே வாங்காமல் இருக்கும் விரதத்தைப் பற்றி நல்லவிதமாக எழுத முயன்றேன், வரவில்லை. 1975இல் பீட்டர் ஹெர்மனும் டெபோரா மாக்கும் செய்த ஒரு சோதனையில், உணவுக் கட்டுப்பாட்டில் இருந்தவர்களுக்கு முதலில் மில்க்‌ஷேக் கொடுத்துவிட்டுப் பிறகு ஐஸ்கிரீம் தந்தார்கள். மில்க்‌ஷேக் குடித்தவர்கள், அதைக் குடிக்காத மற்றக் கட்டுப்பாட்டுக்காரர்களைவிடக் கூடுதலாக ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள். விரதம் கெட்டது கெட்டுவிட்டது, இனி என்ன என்ற மனநிலை. என் விரதம் பத்தொன்பதாம் நாள் முறிந்தது. அந்த மாதத்தின் மீதி நாள்களில் வாங்கியது, விரதமே இல்லாத மாதங்களில் வாங்கியதைவிட அதிகம். இரண்டாம் கேள்வியில் இவ்வளவு மோசமாகத் தோற்கும் முறை வேறில்லை. வேண்டுமானால் ஒரே ஒரு வாரம், திருந்துவதற்காக இல்லாமல் எந்த நேரத்தில் கை அரிக்கிறது என்று பார்ப்பதற்காக மட்டும் இருந்து பார்க்கலாம்.

கணக்கு எழுதுவதும் அதே மாதிரிதான், வியாதியைக் கண்டுபிடிக்க உதவும், குணப்படுத்தாது. செலவான பிறகுதானே எழுதுகிறோம்? இரண்டு வாரம் எழுதினால் பணம் எங்கே ஒழுகுகிறது என்று தெரிந்துவிடும். அதற்குமேல் எழுதுவது சிலருக்கு இயல்பாக வரும், எனக்கு வரவில்லை.

வீட்டில் ஒருவரைக் கேட்டு வாங்குவது கேட்க அழகு. ஒருவர் கேட்பவராகவும் இன்னொருவர் அனுமதி தருபவராகவும் ஆகிவிட்டால் கொஞ்ச நாளில் பார்சல்கள் அலுவலக முகவரிக்கு வர ஆரம்பித்துவிடும். இன்ன தொகைக்கு மேல் போனால் இருவருமே ஒருவரையொருவர் கேட்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால் மட்டும் தாங்கும்.

ஒதுக்கீடு இவற்றிலிருந்து வேறு. வருமானம் வந்த அன்றே சேமிப்புக்கானது தானாக வேறு கணக்குக்குப் போய்விட வேண்டும். கட்டாயச் செலவுகளுக்கானதும் பிரிந்துவிட வேண்டும். மிஞ்சும் சிறு தொகையை எப்படி வேண்டுமானாலும் செலவழிக்கலாம், யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம், தனக்கேகூட. பணத்தை மனதுக்குள் தனித்தனி டப்பாக்களில் போட்டு வைப்பது பகுத்தறிவுக்குப் பொருந்தாத பழக்கம் என்று பொருளியல் சொல்லும். அந்தப் பழக்கத்தையே விரிவாக எழுதிய தேலருக்குத்தான் 2017இல் நோபல் கிடைத்தது. பூட்டிய டப்பா வேலைசெய்யும் என்பதற்குப் பிலிப்பைன்ஸில் நடந்த ஆய்வு ஒன்று உண்டு, 2006இல் வெளியானது. தாங்களே குறித்த தேதியோ தொகையோ வரும்வரை எடுக்க முடியாத சேமிப்புக் கணக்கை ஒரு வங்கி சில வாடிக்கையாளர்களுக்கு வழங்கியது. கூடுதல் வட்டி கிடையாது, பூட்டு மட்டும்தான். நான்கில் ஒருவருக்கு மேல் தானாகவே முன்வந்து அதை எடுத்துக்கொண்டார்கள். ஓராண்டு முடிவில், அது வழங்கப்பட்ட குழுவின் சேமிப்பு வழங்கப்படாத குழுவோடு ஒப்பிடும்போது சுமார் 80 சதவீதம் கூடியிருந்தது.

பதினொரு மணிக்கு ஒதுக்கீடு வாங்குவதைத் தடுக்காது. வாங்கட்டும் என்று விட்டுவிடும், ஆனால் சேதம் எல்லையைத் தாண்டாது. சறுக்கல் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை என்பதால் இரண்டாம் கேள்வியும் எழாது. ஒரே நிபந்தனை, அந்தக் கணக்கோடு கடன் எதுவும் ஒட்டியிருக்கக் கூடாது. கிரெடிட் கார்டும், இப்போது வாங்கிப் பிறகு தவணையில் கட்டலாம் என்பதும் டப்பாவின் அடியில் போட்ட ஓட்டைகள்.

அப்போ எது?

பெரும்பாலான சபலம் போன் வழியாக வருகிறது என்றால் வழியை நீளமாக்குங்கள், அதோடு ஒதுக்கீட்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் கடைசியில் வந்து நின்றிருப்பது இந்த ஜோடியில்தான். நேரில் போய் அள்ளுபவர் என்றால் ரொக்கமும் வாங்க வேண்டியதை எழுதிய ஒரு சீட்டும் போதும், ஆப்பை அழித்து ஆகப்போவது ஒன்றுமில்லை. எப்போதாவது வாங்கினாலும் பெரிதாக வாங்கிவிட்டு வருந்துபவருக்கு நோட்டும் ஒரு மாதமும். முதலில் இரண்டே வாரம் கணக்கு எழுதிப் பார்த்தால் நீங்கள் இவர்களில் யார் என்று தெரிந்துவிடும்.

வாங்கியதை வீட்டாரிடம் மறைக்கிறீர்கள், கடன் ஏறிக்கொண்டே போகிறது, நிறுத்த நினைத்தும் முடியவில்லை என்றால் இந்த ஒப்பீடே உங்களுக்கானது இல்லை. வாங்கும் வெறியை எமில் கிரேப்லின் போன்ற மனநல மருத்துவர்கள் நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்திருக்கிறார்கள். ஒரு மனநல மருத்துவரையோ ஆலோசகரையோ பார்ப்பதுதான் அங்கே வழி. கார்டைப் பையில் மாட்டுவதால் அது சரியாகாது.

எனக்கு இன்னும் பிடிபடாதது ஒன்று இருக்கிறது. மற்றவர்களுக்காக வாங்குவது. 'இதைப் பார்த்ததும் உன் ஞாபகம் வந்தது' என்று ஆரம்பித்தால் நோட்டு, பை, போர்வை எதுவும் என்னைத் தடுப்பதில்லை. கார்டைத் தேடி எழுந்து போகும்போதுகூட நல்ல காரியத்துக்குப் போகிறோம் என்ற நடை வந்துவிடுகிறது. இப்போதைக்கு அதையும் என் ஒதுக்கீட்டிலேயே கழித்துக்கொள்கிறேன், முணுமுணுத்துக்கொண்டே.